கஷ்டத்தில் முறுமுறுக்காமல் தேவனை நம்புவது எப்படி? மனதாரக் கேட்கிறேன்

விடியல்நேரம் | இரவு 2:25

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து 14 மாதம் ஆகிறது. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிகிறது, ஆனால் பதிலுக்கு அவர் வாயில் வருவது "அது... அது..." என்ற ஒரே சொல்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் அதுதான். நான் தவறாகப் புரிந்துகொண்டு போர்வையை எடுத்துப் போர்த்தினால் இடது கையால் கட்டிலை அடிப்பார், அப்புறம் அவரே அழுவார். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். ஒரு தடவை வந்து, அது ஆற மூன்று மாதம் ஆனது. அதனால்தான் இந்த நேரத்தில் விழித்திருக்கிறேன்.

பகலெல்லாம் என்னால் சமாளிக்க முடிகிறது. சாயங்காலம் தங்கையிடம் போனில் பேசுவேன், முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் புலம்பல்தான். அவருடைய அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, சபையில் இருந்து முதல் மாதம் வந்தவர்கள் இப்போது போனும் செய்வதில்லை, தேவன் எதற்கு இப்படிச் செய்தார், நாங்கள் யாருக்கு என்ன கெடுதல் செய்தோம். தங்கையும் பாவம் கேட்டுக்கொள்வாள். போனை வைத்ததும் மனது லேசாகும் என்றுதான் பேசுகிறேன், ஆனால் பேசி முடித்த பிறகு இன்னும் பாரமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் ஆராதனையில் பிலிப்பியர் 2:14 செய்தி. எல்லாவற்றையும் முறுமுறுப்பில்லாமலும் தர்க்கிப்பில்லாமலும் செய்யுங்கள் என்று. வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் அழுவது முறுமுறுப்பா? நம்புகிறேன் என்றால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? யாராவது அனுபவத்தில் இருந்து சொல்லுங்கள்.


நன்றியுள்ளவன் | காலை 6:10

சகோதரி, உங்களுக்காக ஜெபிக்கிறேன். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று ரோமர் 8:28 சொல்கிறது. புலம்பலை அடியோடு நிறுத்திவிட்டு ஒவ்வொரு நாளும் ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பியுங்கள். குறை சொல்லச் சொல்ல மனது இருண்டு போகும். நன்றி சொல்லும் வாயில் குறைக்கு இடமில்லை.


சாம்பல்மேடு | காலை 7:45

நன்றியுள்ளவன், நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதே வசனத்தை என் பையனை அடக்கம் செய்த அன்றைக்கு, மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, நான்கு பேர் என்னிடம் சொன்னார்கள். நான்கு பேரையும் நான் இன்றைக்கும் நேசிக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை, தேவனிடமும்கூட. அழுதால் அவிசுவாசி ஆகிவிடுவேனோ என்ற பயம். வெளியில் பார்ப்பவர்கள் எவ்வளவு விசுவாசம் இந்த அம்மாவுக்கு என்றார்கள். உள்ளே நான் ஜெபத்தையே நிறுத்தியிருந்தேன். அது நம்பிக்கை இல்லை சகோதரரே, அது வெறும் அடைப்பு.

பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் முதல் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவ்வளவு நாளும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்த பிறகுதான் வினை. கடைசியில் தேவன் யாரைப் பார்த்து, நீங்கள் என் தாசனாகிய யோபைப்போல் நிதானமாய்ப் பேசவில்லை என்றார்? தேவனுக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூன்று பேரைப் பார்த்துத்தான். தான் பிறந்த நாளையே சபித்த யோபுவை அப்படிச் சொல்லவில்லை.

விடியல்நேரம், நீங்கள் அழுங்கள் அக்கா. குழாயைத் திறந்துவிடாமலே அழுங்கள்.


ஞாயிறு_வகுப்பு | காலை 10:30

முப்பது வருடமாக ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வனாந்தரக் கதைகளைச் சொல்லிக்கொடுத்தவன் நான். முறுமுறுப்பு என்றாலே அந்தக் கதைகள்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். முறுமுறுத்தார்கள், தண்டனை வந்தது, ஆகவே முறுமுறுக்காதே. நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை என் மனைவியின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் வேறு மாதிரி தெரிந்தது. நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் சகோதரி கேட்ட கேள்விக்கு விடை அந்த ஒரே அதிகாரத்துக்குள் இருப்பதாக நினைக்கிறேன்.

அதில் இரண்டு பேர் குறை சொல்கிறார்கள். முதலில் எகிப்தின் அடிமைத்தனத்தில் இருந்து மீட்கப்பட்டு மோசேயோடு வனாந்தரத்தில் போகிற இஸ்ரவேல் ஜனங்கள். தேவன் தினமும் கொடுத்த மன்னா என்ற ஆகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, இறைச்சி வேண்டும் என்று அழுகிறார்கள். எகிப்தில் நாம் கிரயமில்லாமல் சாப்பிட்ட மச்சங்களையும் வெள்ளரிக்காய்களையும் நினைக்கிறோமே என்கிறார்கள். அந்தக் 'கிரயமில்லாமல்' என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். செங்கல் அறுத்த அடிமைகள் அவர்கள், பிறந்த ஆண் பிள்ளைகளை நதியில் போடச் சொன்ன தேசம் அது. அங்கே தின்ற மீனுக்கு விலையே கொடுக்கவில்லையாம்! பொய் சொல்ல வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. முறுமுறுப்பு அவர்கள் ஞாபகத்தையே திருத்தி எழுதிவிட்டது. போனது எல்லாம் தங்கமாகவும் கையில் இருப்பது எல்லாம் தூசியாகவும் தெரிய ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்று, அவர்கள் எங்கே நின்று அழுதார்கள்? அவரவர் கூடாரவாசலில். உபாகமம் 1ஆம் அதிகாரமும் 106ஆம் சங்கீதமும் இதே ஜனங்களைப் பற்றிச் சொல்லும்போது 'கூடாரங்களில் முறுமுறுத்தார்கள்' என்றே சொல்கின்றன. தேவனைத் தொழும் ஆசரிப்புக் கூடாரம் பாளயத்தின் நடுவில்தான் இருந்தது, நடந்து போகிற தூரம். ஒருவரும் அங்கே போய், ஆண்டவரே எங்களால் முடியவில்லை என்று கேட்டதாக இல்லை.

அதே அதிகாரத்தில் மோசேயும் குறை சொல்கிறார். அவருடைய வார்த்தைகள் ஜனங்களுடைய வார்த்தைகளைவிடக் கடுமையானவை. இவர்களையெல்லாம் கர்ப்பந்தரித்தது நானா, பெற்றது நானா, என்னால் ஒருவனாய்த் தாங்க முடியாது, இப்படியே செய்வீரானால் இப்பொழுதே என்னைக் கொன்றுபோடும் என்கிறார். பிரசங்கத்தில் இதை வாசித்தால் சபை முகம் சுளிக்கும். ஆனால் தேவன் மோசேயின்மேல் கோபப்படவே இல்லை. எழுபது மூப்பரைக் கூட்டிக்கொண்டு வா, நீ ஒருவன்மாத்திரம் சுமக்காதபடி அவர்களும் உன்னோடுகூடச் சுமப்பார்கள் என்று ஏற்பாடு செய்கிறார்.

ஒரே வனாந்தரம், ஒரே வெயில், ஏறக்குறைய ஒரே புலம்பல். ஜனங்கள் தேவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரைப் பற்றிப் பேசினார்கள், மோசே நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார். நம்பிக்கை என்பது இந்தத் திரும்பும் திசையில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நாம் பேசும் சொற்கள் எவ்வளவு சாதுவாக இருக்கின்றன என்பதில் இல்லை.

ஆகவே சகோதரி, குளியலறை அழுகை முறுமுறுப்பு இல்லை. தங்கையோடு பேசுவதும் பாவம் இல்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரம் முழுவதும் கூடாரவாசலிலேயே நின்றுவிடுகிறதோ என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். தங்கையிடம் கேட்ட "எதற்கு இப்படிச் செய்தார்" என்பதை அவரிடமே கேட்டதுண்டா?


விடியல்நேரம் | மதியம் 1:05

ஐயா, உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: இல்லை. 14 மாதத்தில் ஒரு தடவைகூட இல்லை. ஜெபத்தில் உட்கார்ந்தால் "ஆண்டவரே ஸ்தோத்திரம், எல்லாவற்றுக்கும் நன்றி, அவரைச் சுகமாக்கும்" என்று மூன்று வரியில் முடித்துவிடுவேன். உண்மையான பேச்சு எல்லாம் போனில்தான். இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.


நன்றியுள்ளவன் | மதியம் 2:40

சாம்பல்மேடு அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள். உங்கள் பதிவைப் படித்துவிட்டு நெடுநேரம் வேலை ஓடவில்லை. நான் அவசரப்பட்டு வசனத்தை வைத்தது தவறு.

ஆனாலும் நான் சொல்ல வந்ததை முழுதாக விட்டுவிட மனமில்லை, ஏனென்றால் அது என் சொந்தக் காயம். 19 வருடம் வேலை பார்த்த இடத்தில் ஒரே நாளில் 60 பேரை அனுப்பினார்கள், அதில் நானும் ஒருவன். வெளியே வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்தோம். முதல் வாரம் அது பெரிய ஆறுதல். நிலுவைச் சம்பளத்தை எப்படிக் கேட்பது, யார் எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று உருப்படியான பேச்சு. ஒரு மாதத்தில் அது முழுக்க முழுக்கக் குறை சொல்லும் இடமாகிவிட்டது. இரவு பதினோரு மணிக்கு யாராவது பழைய மேலாளரைப் பற்றி ஒரு வரி போடுவார்கள், அவ்வளவுதான், ஒரு மணி வரை ஓடும். நானும் போடுவேன், மற்றவரைவிட நன்றாகவே போடுவேன். காலையில் எழுந்தால் விண்ணப்பம் அனுப்பத் தெம்பு இருக்காது. ஒரு நாள் என் மகள், ஏழு வயது, பென்சில் முனை உடைந்ததற்கு "எனக்கு மட்டும்தான் எப்பவும் இப்படி நடக்குது" என்றாள். அச்சு அசலாக என் குரல், என் இழுப்பு. அன்றைக்கு அந்தக் குழுவில் இருந்து வெளியே வந்தேன்.

புலம்பல் ஒரு கட்டத்துக்கு மேல் துக்கம் இல்லை, பசி. தீனி கேட்டுக்கொண்டே இருக்கும். அதைத்தான் சொல்ல வந்தேன். ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்றது நடிப்பதற்காக அல்ல. என்னைப் பிடித்து நிறுத்த அது ஒன்றுதான் கிடைத்தது.


ஞாயிறு_வகுப்பு | மதியம் 3:15

தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் சண்டையே இல்லை! நீங்கள் சொல்லும் பசிதான் எண்ணாகமம் 14. அந்த இடத்துக்கு வரும்போது அவர்கள் எத்தனையோ தடவை சோதித்தாகிவிட்டது, பத்துமுறை என்கிறது வேதம். 40 வருடம் அலைந்தது வழி தெரியாததால் இல்லை. முறுமுறுப்பு பழகிப்போனதால் வேவு பார்க்கப் போன யோசுவாவும் காலேபும் நல்லதென்று கண்ட அதே தேசம் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்தச் சொல்லும் பாருங்கள், சத்தத்திலேயே பிறந்தது. முறுமுறு. கிரேக்கத்திலும் அப்படித்தான், கோங்குஸ்மோஸ் என்பார்கள். வாயைத் திறந்து கேட்கவும் மாட்டேன், மூடிக்கொண்டிருக்கவும் மாட்டேன், தொண்டைக்குள் உருட்டிக்கொண்டே இருப்பேன் என்கிற சத்தம்.


கனல் | மாலை 5:50

நான் சைவக் குடும்பத்தில் வளர்ந்தவன், உங்கள் வேதம் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. ஆனால் 'திரும்பும் திசை' என்று ஐயா எழுதியதைப் படித்ததும் சுந்தரர் ஞாபகம் வந்துவிட்டார், சொல்லாமல் போக முடியவில்லை.

தேவாரம் பாடிய சுந்தரர், இரண்டு கண்ணும் பார்வை போய், வழியில் காஞ்சியில் ஒரு கண் மட்டும் கிடைத்த நிலையில் திருவாரூருக்கு வந்து நிற்கிறார். பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் செய்த சபதத்தை மீறியது தன் தவறுதான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சிவனிடம் அவர் பாடுவதைக் கேளுங்கள்:

மீளா அடிமை உமக்கே ஆளாய்ப் பிறரை வேண்டாதே
மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிகவாடி
ஆளாய் இருக்கும் அடியார் தங்கள் அல்லல் சொன்னக்கால்
வாளாங் கிருப்பீர் திருவா ரூரீர் வாழ்ந்து போதீரே

எரியவும் எரியாமல் அணையவும் அணையாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கிற தீ. இதைவிட யாரும் அந்த நிலையைச் சொல்லிவிட முடியாது, விடியல்நேரம் அக்கா எழுதியதும் அதுதான். உன் அடியார் வந்து துன்பத்தைச் சொன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறீரே, சரி, நீரே நன்றாக வாழ்ந்து போம் என்கிறார் கடவுளைப் பார்த்து. கேட்கிறவனுக்குத் தூக்கிவாரிப்போடும். ஆனால் முதல் வரியில் அவர் நிற்கிற இடத்தைச் சொல்லிவிட்டார்: மீளா அடிமை. உமக்கே ஆள். வேறு யாரையும் வேண்டமாட்டேன். அந்த நிலத்தில் நின்றுகொண்டுதான் சண்டை போடுகிறார், அதனால்தான் இதை இன்றைக்கும் தேவாரம் என்று வைத்துப் பாடுகிறோம். மற்றொரு கண் அங்கேதான் கிடைத்தது என்பது வரலாறு. எனக்கு அந்தக் கண் கிடைத்ததைவிட, கிடைக்காத நேரத்தில் அவர் வேறு வாசலுக்குப் போகவில்லை என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது.


பொறுமை_அழகு | மாலை 7:20

எங்கள் குர்ஆனில் யூசுஃப் அத்தியாயத்தில் யஃகூப் நபி. மகனை இழந்த செய்தி வந்த அன்றைக்கு 'அழகிய பொறுமை' என்கிறார். பிறகு துக்கத்தால் அவர் கண்களே வெளுத்துப்போகின்றன. மற்ற பிள்ளைகள், இன்னும் யூசுஃபை நினைத்துக்கொண்டே இருக்கிறீரே, இப்படியே அழிந்துபோவீர் என்று கடிந்துகொள்கிறார்கள். அதற்கு அவர் சொல்லும் பதில் (12:86), என் கவலையையும் துக்கத்தையும் நான் அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன் என்பது. பொறுமை என்றால் கண் நனையாமல் இருப்பது என்று நினைத்திருந்த எனக்கு, உம்மாவை இழந்த வருடத்தில் இந்த ஒரு வசனம்தான் மூச்சு விட இடம் கொடுத்தது. உங்கள் கணவருக்காக துஆ செய்கிறேன் சகோதரி.


நிழல்தேடி | இரவு 9:35

யாரையும் புண்படுத்த எழுதவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். சரி, தேவனிடமே முறையிட்டாயிற்று. அப்புறம்? மோசேக்கு எழுபது பேர் வந்தார்கள், சுந்தரருக்குக் கண் வந்தது, யஃகூப் நபிக்கும் மகன் திரும்பக் கிடைத்தான். என் மனைவிக்குப் புற்றுநோய் வந்தபோது நானும் திரும்பத்தான் செய்தேன், முழங்காலில் தோல் தடிக்கும்வரை. அவள் போய்விட்டாள். இந்தக் கதைகள் எல்லாம் முடிவு நன்றாக இருப்பவர்களுடைய கதைகள்.


சாம்பல்மேடு | இரவு 10:50

நிழல்தேடி, உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மட்டும்தான் இங்கே தகுதி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் பையனும் திரும்ப வரவில்லை.

முடிவு நன்றாக இல்லாதவர்களும் வேதத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி மேடையில் பேசுவது குறைவு, அவ்வளவுதான். 88ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு வெளிச்சத்துக்கு வந்து சேரும். உதாரணமாக 13ஆம் சங்கீதம், கர்த்தாவே எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று ஆரம்பித்து ஆறே வசனத்தில் பாட்டுக்கு வந்துவிடும். 88 வராது. என் சிநேகிதர்களைத் தூரமாக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். ஆமென் கூட இல்லை. ஆனால் அதன் முதல் வரி 'என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே' என்பது. அவர் பதில் சொல்லாத இரவிலும் கூப்பிடுகிற பெயர் மாறவில்லை. இரண்டு வருடம் மூடியிருந்த என் வாய் அந்தச் சங்கீதத்தில்தான் திறந்தது. சுகம் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். பேச்சு கிடைத்தது.

ஆபகூக் தீர்க்கதரிசியையும் பாருங்கள். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்று ஆரம்பித்து திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுமந்தை, தொழுவம் என்று ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று எண்ணிக்கொண்டே வருகிறார். அப்புறம்தான் 'நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்'. அது எதையும் மறைக்காமல் எழுதிய கணக்கு. ராஜாவின் சிலையை வணங்க மறுத்து எரிகிற சூளைக்கு முன்னால் நின்ற அந்த மூன்று வாலிபர்களும், தேவன் விடுவிக்காமற்போனாலும் என்று ஒரு வார்த்தை வைத்தார்களே, அந்தப் 'போனாலும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை நாள் நடக்கிறேன்.

உங்கள் மனைவியின் பெயரைச் சொல்லி இன்றைக்கு இரவு ஜெபிப்பேன். பெயர் எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.


நிழல்தேடி | இரவு 11:20

நன்றி அக்கா. வேறு எதுவும் எழுத வரவில்லை. 88ஐப் படிக்கிறேன்.


இரவுப்பணி | அதிகாலை 4:10

நான் செவிலியர். 11 வருடமாகப் பெரும்பாலும் பக்கவாத நோயாளிகளோடுதான். ஆவிக்குரிய விஷயத்தில் என்னைவிட நன்றாகச் சொல்ல இங்கே ஆட்கள் இருக்கிறார்கள், நான் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். விடியல்நேரம் அக்கா, நீங்கள் 14 மாதமாகத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நாங்கள்கூட முறை மாற்றிக்கொள்கிறோம். நீங்கள் அவிசுவாசம் என்று நினைப்பதில் பாதி தூக்கமின்மையாக இருக்கலாம்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது தேவன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவைத்தார், தூதனை அனுப்பிச் சாப்பிட வைத்தார், மறுபடி தூங்கவைத்தார், மறுபடி சாப்பிட வைத்தார். அதற்குப் பிறகுதான் மலைக்குப் போய்ப் பேச்சு. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. நோயாளிகளின் வீட்டார் பலரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

அதனால் கேட்கிறேன், உங்கள் எழுபது பேர் யார்? எழுபது வேண்டாம், இரண்டு பேர். தங்கை தினமும் முக்கால் மணி நேரம் போனில் கேட்கத் தயாராக இருக்கிறாள் என்றால், வாரத்தில் ஒரு இரவு வந்து படுக்கச் சொல்ல முடியாதா? திருப்பிப் படுக்கவைப்பது எப்படி என்று அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து உருட்ட வேண்டும், விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, கால்களுக்கு நடுவில் ஒன்று, குதிகால் படுக்கையில் அழுந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். தூங்க வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வராமல், எதிலும் மனது ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் உங்களுக்காக ஒரு டாக்டரைப் பாருங்கள், அதில் விசுவாசக் குறைச்சல் எதுவும் இல்லை.

சபையிலும் கேளுங்கள். வரவில்லை என்று தங்கையிடம் சொல்வதற்கும், வாருங்கள் என்று அவர்களிடமே கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.


நன்றியுள்ளவன் | காலை 6:30

செவிலியர் சகோதரி சொன்ன கடைசி வரிக்கு ஒன்றைச் சேர்க்கிறேன். பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் சீலாவும் அடிபட்ட முதுகோடு, தொழுமரத்தில் கால் மாட்டியிருக்க, நடுராத்திரியில் துதித்துப் பாடினார்கள். இதை எத்தனையோ தடவை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மறுநாள் காலையில் நடந்ததைச் சொன்னதே இல்லை. சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்று அதிகாரிகள் ஆள் அனுப்பியபோது பவுல் முடியாது என்கிறார். ரோமரான எங்களை விசாரிக்காமல் வெளியரங்கமாய் அடித்தீர்கள், நீங்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடுங்கள் என்கிறார். அவர்களும் வந்தார்கள். இரவில் பாடினவர்தான் காலையில் நியாயம் கேட்டார். முறுமுறுக்காதே என்று பிலிப்பியருக்கு எழுதினவரும் அவரேதான், அதையும் கட்டப்பட்ட நிலையில் இருந்துதான் எழுதினார். நிலுவைச் சம்பளத்தை எழுத்தில் கேட்கப் போகிறேன். மூன்று மாதமாகக் குழுவில் திட்டினேனே ஒழிய ஒரு கடிதம் எழுதவில்லை.


விடியல்நேரம் | மூன்று வாரம் கழித்து, இரவு 1:20

எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஆசை, கை ஒழியவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஐயா கேட்ட அன்றைக்கு இரவே என் கணவரைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தங்கையிடம் சொன்ன அத்தனையையும் அப்படியே ஆண்டவரிடம் சொன்னேன். அதே வார்த்தைகள். எதற்கு இப்படிச் செய்தீர், நாங்கள் யாருக்கு என்ன கெடுதல் செய்தோம். பயமாகத்தான் இருந்தது. பாதியில் ஒரு விஷயம் கவனித்தேன். கணவருடைய அண்ணன் வரவில்லை என்று தங்கையிடம் சொல்லும்போது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மிளகாய் சேர்த்துச் சொல்வேன். அங்கே சேர்க்க முடியவில்லை. அவர் முதல் மாதத்தில் நான்கு தடவை வந்ததும், நான் கடுகடுவென்று பேசி அனுப்பியதும், தானாக வாயில் வந்துவிட்டது. கிரயமில்லாத மீன் என்று எழுதினீர்களே ஐயா, அது என்னிடமும் இருந்திருக்கிறது.

சமாதானம் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். சில இரவு வருகிறது, சில இரவு வெறுமனே அழுதுவிட்டுப் படுக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை மறுபடி முக்கால் மணி நேரம் போனில் கொட்டினேன். மன்னாவை மறுநாளைக்குச் சேர்த்துவைத்தால் பூச்சி பிடித்து நாற்றமெடுத்தது என்று இருக்கிறதே, நம்பிக்கையும் அன்றன்றைக்குத்தான் பொறுக்க வேண்டியிருக்கிறது, நேற்றையது இன்றைக்கு உதவவில்லை. ஆனால் தங்கை இப்போது சனிக்கிழமை இரவு வந்து படுக்கிறாள். முதல் சனிக்கிழமை நான் ஏழு மணி நேரம் தூங்கினேன். எழுந்தபோது எந்த நாள் என்றே தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு நாள், அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது எதையாவது நீங்கள் ஆரம்பித்துப் பாருங்கள், எண்கள், பாட்டு, ஜெபம் எதுவானாலும் சரி என்றார். சொந்தமாகப் பேச முடியாதவர்களுக்கும் மனதில் ஊறிப்போனது சில நேரம் தடையில்லாமல் வருமாம், நாமாக வாக்கியம் கோர்த்துப் பேசுவதும் பழகிப்போனதைச் சொல்வதும் மூளைக்கு ஒரே வேலை இல்லையாம். நான் சும்மா 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்றேன். 'நான் தாழ்ச்சியடையேன்' என்றார். முழுச் சொல்லாக. 14 மாதத்துக்குப் பிறகு அவர் குரலில் 'அது' தவிர வேறு சொல் கேட்டேன். என் பெயரை இன்னும் சொல்ல வரவில்லை, தண்ணீர் கேட்க வரவில்லை. இது சுகமாவதற்கு அடையாளம் என்று நினைத்துவிட வேண்டாம் என்று அந்த அம்மா பக்குவமாகச் சொன்னார்.

அன்றிலிருந்து இரவில் திருப்பும்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து சொல்கிறோம். அப்படித் தினமும் சொல்லும்போதுதான் ஐயா, நீங்கள் சொன்ன திசை எனக்குப் பிடிபட்டது. முதல் மூன்று வசனமும் அவர், அவர் என்றே போகிறது. அவர் என்னை மேய்க்கிறார், அவர் என் ஆத்துமாவைத் தேற்றுகிறார். மரண இருளின் பள்ளத்தாக்குக்கு வந்ததும் 'தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்' என்று மாறிவிடுகிறது. சிறுவயதில் இருந்து சொல்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. அவருக்கு அந்த இடத்தில் நாக்கு இடறும். தேவரீர் என்பது 'தே... தே...' என்று நிற்கும். நான் சொல்லிக்கொடுக்காமல் காத்திருப்பேன்.

ஒன்றரை ஆகப்போகிறது, அவரைத் திருப்ப வேண்டும். நிழல்தேடி, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.